வாக்கி டாக்கி வாங்கினா மட்டும் போதுமா?

 

வர்ற தைப்பூசத்துக்குத் தொண்டூழியர்களுக்கு இன்னும் இருபது வாக்கி டாக்கி வாங்கணும்னு நம்ம கோயில்ல பேச்சு நடக்குது. உபயக்காரர் ஒருத்தர் பணம் தரவும் தயாரா இருக்கார். நல்ல மனசு, மறுக்கல. ஆனா என் கருத்து வேற. பத்து வாங்கினா போதும். மீதிப் பணத்துல நம்ம பிள்ளைகள் ஆறு பேரை வட்டாரத்து அமெச்சூர் ரேடியோ கிளப் நடத்துற வகுப்புக்கு அனுப்புவோம். ஏன் இப்படிச் சொல்றேன்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

போன மாசம் அன்னதானம் முடிஞ்ச பிறகு அந்தக் கிளப் ஆளுங்க நம்ம மண்டபத்துக்கு வந்து ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்தாங்க. வந்தவங்க இருபது பேர்கூட இருக்க மாட்டாங்க. அதுல பாதிப் பேர் வாகனம் எடுக்கக் காத்திருந்தவங்க! அதனால முதல்ல அது என்ன கிளப்புன்னு சொல்லிடுறேன். அமெச்சூர் ரேடியோன்னா பாட்டு போடுற வானொலி நிலையம் இல்ல. தேர்வு எழுதி, தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கிட்ட அனுமதி வாங்கின சாதாரண ஆளுங்க, சொந்த ரேடியோ கருவி வச்சு ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அழைப்புக் குறி உண்டு. தீபகற்ப மலேசியாவுல 9எம்2 இல்லன்னா 9டபிள்யூ2ன்னு ஆரம்பிக்கிறதை நிறைய கேட்கலாம். சிங்கப்பூர்ல 9வி1. நம்ம நாட்டுச் சங்கமான மார்ட்ஸ் 1952லேயே தொடங்கினது. அதாவது மெர்டேக்காவுக்கு அஞ்சு வருஷம் முன்னாலயே இங்க இந்த வேலை நடந்துகிட்டு இருந்திருக்கு.

நம்ம வட்டாரத்துக் கிளப்புல ஓய்வு பெற்ற சீன ஆசிரியர் ஒருத்தர், மலாய்க்கார மெக்கானிக் ஒருத்தர், தொழிற்சாலையில ஷிப்ட் வேலை பாக்கிற இளைஞர்கள்னு பல மாதிரி ஆளுங்க இருக்காங்க. நம்மவங்க ரெண்டே பேர். வாராவாரம் ஒரு ராத்திரி எல்லாரும் ஒரே அலைவரிசையில வந்து வருகைப்பதிவு மாதிரி ஒவ்வொருத்தரா பேசுறாங்க. அக்டோபர்ல சாரணர் பிள்ளைகளுக்காக உலகம் முழுக்க நடக்குற வான்வழி ஜம்போரியில கலந்துக்கிறாங்க. இந்த மாசம் திடல்ல கூடாரம் போட்டு, டிஎன்பி கரண்ட் ஒரு சொட்டுகூட இல்லாம, லோரி பேட்டரியில ஒரு நாள் முழுக்க நிலையம் நடத்தினாங்க. நான் போய்ப் பார்த்தேன். ரெண்டு மரத்துக்கு நடுவுல இருபது மீட்டர் நீளத்துக்குச் சாதாரணச் செப்புக் கம்பி கட்டியிருந்தாங்க. அவ்வளவுதான் ஆண்டெனா. சாயங்காலம் ஆனதும் அந்தக் கம்பியில சுமத்ராக்காரர் பேசுறார், அதுக்கப்புறம் ஜப்பான். நடுவுல எந்தக் கோபுரமும் கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாது. தரையிலிருந்து போற அலை வானத்துல ரொம்ப உயரத்துல இருக்கிற அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பி இறங்குது. என் பையன் கைப்பேசியைப் பையில வச்சுட்டு ஒன்றரை மணி நேரம் அங்கேயே உக்காந்திருந்தான். அதுவே எனக்கு அதிசயம்தான்.

சரி, இதுக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால நம்ம ரத ஊர்வலத்துல ஒரு தாத்தா காணாமப் போனது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். மறதி உள்ளவர். பால்குடம் எடுத்த மகளோட வந்தவர், தண்ணீர்ப்பந்தல் பக்கத்துல கூட்டத்துல பிரிஞ்சுட்டார். மகள் முதல்ல சொன்னது இதுதான்: நீல ஜிப்பா, வெள்ளை வேட்டி, இடது கையில மஞ்சள் கயிறு. நுழைவாயில்ல இருந்த தம்பி இதை வாக்கி டாக்கியில சொன்னார். அது ரதத்துக்குப் பக்கத்துல இருந்தவர்கிட்டப் போச்சு. அங்க மேளச் சத்தம். அவர் காதுல விழுந்ததை அடுத்தவருக்குச் சொன்னார். நாலாவது ஆளுக்குப் போனப்ப அது 'நீல வேட்டி, மஞ்சள் ஜிப்பா' ஆயிடுச்சு. இதுக்கு நடுவுல யாரோ ஒருத்தர் பொத்தானை அமுக்கின மேனிக்கு இடுப்புல செருகிட்டார். பத்து நிமிஷம் எல்லார் கருவியிலயும் அவர் நடக்கிற சத்தமும் உறுமி மேளமும்தான். வேற யாரும் பேச முடியல. கைப்பேசியில கூப்பிட்டா லைன் போகல. வாட்ஸ்அப்புல ஒரே ஒரு டிக். ஒரு கோபுரம் ஒரே நேரத்துல தாங்குற அழைப்புகளுக்கு ஒரு அளவு உண்டு. தைப்பூசக் கூட்டம் மொத்தமும் அதே கோபுரத்துல தொங்குது, பாதிப் பேர் நேரலை வேற போடுறாங்க.

மூணு மணி நேரம் கழிச்சு, பின்பக்கச் சாலையில பஸ் நிறுத்தத்துல தாத்தா உக்காந்திருந்தார். நம்ம தொண்டூழியர்கள் ரெண்டு பேர் அவரைக் கடந்து போயிருக்காங்க. ஏன்னா அவங்க தேடினது மஞ்சள் ஜிப்பா. அன்னைக்கு வெயில் எப்படின்னு சொல்ல வேண்டியதில்ல. அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்துச்சு. பெரிசா ஒண்ணும் ஆகல, அது கடவுள் புண்ணியம். ஆனா ஒவ்வொரு வருஷமும் கடவுளையே அந்த வேலையையும் பாக்கச் சொல்ல முடியாது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நம்மகிட்டக் கருவி இல்லாமலா இருந்துச்சு? பதினெட்டு இருந்துச்சு. இன்னும் இருபது இருந்திருந்தா அந்தச் செய்தி இன்னும் இருபது காதுக்குத் தப்பாப் போயிருக்கும்.

இதைத்தான் அந்தக் கிளப்புக்காரங்க பயிற்சியாவே பண்றாங்க. அவசர நேரத்துல ஒரு அலைவரிசைக்கு ஒருத்தர்தான் கட்டுப்பாட்டாளர். அவர் கூப்பிட்டாத்தான் மத்தவங்க பேசணும். அவசரம்னா அதுக்குன்னு ஒரு சொல் இருக்கு, அதைக் கேட்டதும் மத்த எல்லாரும் வாயை மூடிக்கணும். பொத்தானை அமுக்கி ஒரு நொடி நின்னுதான் பேசணும், இல்லன்னா முதல் சொல் வெட்டுப்படும். செய்தியைக் காகிதத்துல எழுதித்தான் அனுப்பணும். வாங்கினவர் எழுதி, திருப்பி வாசிச்சுக் காட்டணும். முறையான செய்திகள்ல மொத்தம் எத்தனை சொல்லுன்னு எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புற பழக்கம்கூட இருக்கு. அனுப்பினது பன்னிரண்டு சொல், கையில இருக்கிறது பதினொண்ணுன்னா எதையோ விட்டுட்டோம்னு உடனே தெரிஞ்சுடும். எவ்வளவு எளிமை பாருங்க! இதுக்கு ஒரு காசு செலவில்ல. ஆனா சும்மா வராது. வாராவாரம் பழகணும். அந்தப் பழக்கத்துக்காகத்தான் நம்ம பிள்ளைகளை அனுப்பச் சொல்றேன்.

இன்னொண்ணும் இருக்கு, இது நிர்வாகம் கவனிக்க வேண்டியது. ஆன்லைன்ல மலிவா வர்ற கருவிகள் பல அலைவரிசையிலயும் பேசும். எதுல பேசலாம், எதுல பேசக்கூடாதுன்னு அந்தப் பெட்டியில எழுதியிருக்காது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி, அனுமதி இல்லாத அலைவரிசையில பேசுறது குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. தெரியாம நீங்க பேசுற இடத்துல வேற யாரோ முக்கியமான வேலையில இருக்கலாம். பொதுமக்கள் தனி அனுமதி இல்லாமப் பேசுறதுக்குன்னே 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில 39 சேனல் ஒதுக்கியிருக்காங்க. ஊர்வலத்துக்கு அது போதும், அந்த வகைக் கருவியா, சிரிம் முத்திரை உள்ளதாப் பார்த்து வாங்கணும். அமெச்சூர் அனுமதி கிடைச்சுட்டா அதை வச்சு ஊர்வலத்தையே நடத்திடலாம்னு யாரும் நினைக்க வேண்டாம். அது கற்றுக்கொள்றதுக்கும் அவசர காலத்துக்கும் உள்ளது. வியாபாரத்துக்குக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது. விளக்கக் கூட்டத்துல ஒரு பெரியவர் 'அதுல தேவாரம் போடலாமா தம்பி'ன்னு கேட்டார். ஆசை நல்லதுதான், ஆனா முடியாது ஐயா. பேசுறதை மறைச்சுப் பேசவும் கூடாது, யார் வேணும்னாலும் கேட்கலாம். அதனால காணாமப் போன குழந்தையோட முழுப்பேர், மைகார்டு எண் எல்லாம் காத்துல சொல்லக் கூடாதுன்னு அங்க கண்டிப்பாச் சொல்லிக் கொடுக்கிறாங்க. நாம இன்னைக்கு வரைக்கும் அதை யோசிச்சதே இல்ல.

தைப்பூசம் வருஷத்துக்கு ஒரு தடவை. வெள்ளம் அப்படி நாள் பார்த்து வராது. 2021 டிசம்பர் 18 சனிக்கிழமை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியும். நம்ம சொந்தக்காரங்க எத்தனை பேர் மாடியிலயும் கூரையிலயும் நின்னாங்க. கரண்ட் போச்சு, கைப்பேசி பேட்டரி ஒவ்வொண்ணா செத்துச்சு. எங்க எத்தனை பேர் மாட்டியிருக்காங்கன்னு வெளியில தெரியவே நேரமாச்சு. 2014 டிசம்பர்ல கிளந்தான்லயும் தொடர்பு அறுந்து போன இடங்கள் உண்டு.

அதுக்கும் முன்னால, 2004. இந்தியாவைச் சேர்ந்த பாரதி பிரசாத்னு ஒரு அம்மா, ஒரு சின்ன அமெச்சூர் ரேடியோ குழுவோட அந்தமான் போர்ட் பிளேருக்குப் போயிருந்தாங்க. பல வருஷமா அமெச்சூர் ஒலியே எழாத தீவு அது, அங்கிருந்து உலகத்துல இருக்கிறவங்களோட பேசணும்னு பொழுதுபோக்காப் போனது. டிசம்பர் 26 காலையில பூமி குலுங்கி சுனாமி வந்துச்சு. அதே அலைதான் நம்ம பினாங்கையும் கெடாவையும் அடிச்சது. அந்தமான்ல தொலைபேசி வேலை செய்யல. அந்த அம்மா பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திட்டு, அதே கருவியில தீவுல இருக்கிறவங்க செய்தியை இந்தியப் பெருநிலத்துல இருக்கிற குடும்பங்களுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. உயிரோட இருக்கேன்னு ஒரு வரி. வீட்டுல காத்திருக்கிறவங்களுக்கு அதைவிடப் பெரிய பிரசாதம் என்ன இருக்கு?

வெள்ளம்னா நம்ம மண்டபத்துல பாய் விரிச்சு ஆளுங்களைத் தங்க வைக்கிறோம், சமைச்சுப் போடுறோம். அதுல நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா எந்தத் தாமான்ல எத்தனை பொட்டலம் வேணும், யாருக்கு இன்சுலின் வேணும்னு தெரியாம லோரியை அனுப்பிட்டு, ஒரு இடத்துல சாப்பாடு மிஞ்சி, இன்னொரு இடத்துல குழந்தை பசியில அழுதா அந்தத் தொண்டு பாதித் தொண்டுதான்.

எதிர்ப்பு வரும்னு தெரியும். 'அது வயசானவங்க பொழுதுபோக்கு, இந்தக் காலத்துல எவன் ரேடியோ கத்துக்கிறான்'னு செயலவையில ஒரு அண்ணன் சொன்னார். அண்ணன் மேல மரியாதை உண்டு, இருபது வருஷமா கோயிலுக்கு உழைக்கிறவர். ஆனா 2007 அக்டோபர்ல நம்ம விண்வெளி வீரர் ஷேக் முஸாபர், அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து மலேசிய மாணவர்களோட பேசினது இந்த அமெச்சூர் ரேடியோ வழியாத்தான். இன்னைக்கும் அந்த நிலையம் நம்ம தலைக்கு மேல கடக்கும்போது ஒரு கைக்கருவியில அதோட குரலைப் பிடிக்க முடியும். இதைச் சொல்லிப் பாருங்க, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் கை தூக்குறாங்கன்னு.

இன்னொருத்தர், 'நம்ம கோயில் விஷயத்துக்கு வெளி ஆளுங்க எதுக்கு'ன்னு கேட்டாராம். வெள்ளத்துல நமக்குப் படகு கொண்டு வந்தவங்க யார் யாருன்னு அவரே ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். அதுக்கு மேல நான் பேச விரும்பல.

தேர்வு அவ்வளவு கஷ்டம் இல்ல. விதிமுறைகள், மின்சார அடிப்படை, ஆண்டெனா, அலை எப்படிப் போகுதுன்னு கேள்விகள் வரும். படிவம் நாலு அஞ்சுல இயற்பியல் படிச்ச பிள்ளைக்குப் பாதி தெரிஞ்சதாவே இருக்கும். பழைய மோர்ஸ் தந்தி கத்துக்கணுமான்னு பயப்படுறாங்க. ஆரம்ப நிலைக்கு அது தேவையில்ல.

என் வேண்டுகோள் நிர்வாகத்துக்கு: ஆறு பேருக்குத் தேர்வுச் செலவையும் புத்தகச் செலவையும் கோயில் ஏத்துக்கணும். அதுல குறைஞ்சது ரெண்டு பேர் பெண் பிள்ளைகளா இருக்கணும், பால்குட வரிசையில பெண்கள்தான் அதிகம். கட்டுப்பாட்டு மேசை ஒண்ணு அலுவலகத்துல, ஒரு நோட்டுப் புத்தகத்தோட, ஊர்வலம் முடியிற வரைக்கும் ஆள் மாறாம இருக்கணும். தைப்பூசத்துக்கு முன்னால மூணு வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு அரை மணி நேரம் ஒத்திகை. வாங்கப் போற பத்து கருவியையும் அந்த ஒத்திகைக்கு வந்தவங்க கையில மட்டும் கொடுக்கணும், சிபாரிசு வேண்டாம்.

கிளப்போட அடுத்த வகுப்பு இந்த மாசக் கடைசி ஞாயிறு காலையில, நம்ம மண்டபத்துலயே. பிள்ளைகளை அனுப்புறவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள அலுவலகத்துல பேர் கொடுங்க. பசியாறல் கோயில்ல உண்டு, ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்தாப் போதும்.