சுருங்கினால்தான் கம்பளம்

ஊட்டியில் ஆசை ஆசையாய் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். மற்ற துணிகளோடு சேர்த்து வாஷிங்மெஷினில் சுடுநீரில் போட்டு எடுத்தால், எல்.கே.ஜி. குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். பின்னல் மறைந்து, தொட்டால் அட்டை மாதிரி தடித்திருக்கும். எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. பல வீடுகளில் நடந்து, பல கணவன்மார்கள் திட்டு வாங்கிய கதைதான் இது.

நம் வீட்டில் நஷ்டக் கணக்கில் போகிற அதே வேலையைக் காஷ்மீரில் தெரிந்தே செய்கிறார்கள். அப்படிச் செய்த தரை விரிப்புக்கு 'நம்தா' என்று பெயர். டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாட்கள் 'சில்லை கலான்' என்ற கடுங்குளிர். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து பேசும் வீடுகளில், பாதத்துக்கும் பனிக்கும் நடுவே இருப்பது இந்த நம்தாதான்.

இதற்குத் தறி வேண்டாம், நூலும் வேண்டாம். செம்மறி ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும், ஓட்டு வீட்டுக் கூரை போல, கண்ணுக்குத் தெரியாத செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் பட்டால் அவை விரியும். அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மாட்டிக்கொள்ளும். முன்னே போன இழையைச் செதில் திரும்பி வர விடாது. ஸ்வெட்டர் மறுபடி பெரிதாகாததற்கும் இதுதான் காரணம்.

நம்தா கைவினைஞர்கள் கம்பளியைப் பஞ்சு போல உதிர்த்து, நாணல் பாயில் சமமாகப் பரப்புகிறார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தி, பாயோடு சுருட்டிக் கயிற்றால் கட்டுகிறார்கள். பிறகு அந்தச் சுருளைக் காலாலும் முழங்கையாலும் முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பை ஒடிக்கிற வேலை. பிரித்து, அலசி, வெயிலில் காயவைத்த பிறகுதான் பூவேலை. அதைப் போடுவது ஆரி ஊசியில். நம் ஊரில் கல்யாண பிளவுஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போடுகிறோமே, அதே கொக்கி ஊசிதான்.

இத்தனை அழகான பொருள், 1998 முதல் 2008 வரையான பத்தே ஆண்டுகளில் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து ஏறக்குறையக் காணாமலே போனது. நல்ல கம்பளி கிடைக்கவில்லை, பழகிய கைகள் குறைந்தன, விற்கத் தெரியவில்லை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கலப்படத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். விலையைக் குறைக்கக் கம்பளியோடு பருத்தியைக் கலந்தார்கள். பருத்தி இழையில் செதில் கிடையாது. அது எதையும் பிடித்துக்கொள்ளாது. அதிகம் கலந்தால் விரிப்பு சீக்கிரமே பஞ்சு பஞ்சாக உதிரும். அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவர் இரண்டாவது நம்தா வாங்குவாரா?

மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், காஷ்மீரின் ஆறு மாவட்டங்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் உருவான நம்தாக்களின் முதல் தொகுதி 2023 ஜூலையில் பிரிட்டனுக்குப் போனது. அங்கே சுற்றுலா போகிறவர்கள் வாங்கும்போது ஓரத்திலிருந்து ஓர் இழையைக் கேட்டு வாங்கி, பத்திரமாகக் கொளுத்திப் பார்க்கலாம். முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. இதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

கொடைக்கானலிலோ டெல்லியிலோ குளிரைக் கழிப்பவர்கள், காலடியில் போட ஒரு சின்ன விரிப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 'உல்லன் நூல்' என்று கடையில் கிடைக்கும் உருண்டைகள் பெரும்பாலும் அக்ரிலிக். நாள் முழுக்கத் தேய்த்தாலும் அது ஒட்டாது. நூலாக முறுக்காத, சீவிய கம்பளி சுமார் 100 கிராம் வேண்டும். 'மெஷினில் துவைக்கலாம்' என்று போட்டிருந்தால் வேண்டாம். பெரும்பாலும் அதன் செதில்களை ஏற்கெனவே மழுக்கியிருப்பார்கள்.

மூங்கில் பாயில் ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கம்பளியைப் பிய்த்துப் பிய்த்து அடுக்க வேண்டும். முதல் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்கே என்று நான்கு அடுக்குகள். மேலே பழைய கொசுவலைத் துண்டை விரித்து, சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரைத் தெளித்து, உள்ளங்கையால் மெல்லத் தேய்க்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் அடுக்கு கலைந்து நடுவில் ஓட்டை விழும். பத்து நிமிடம் கழித்து வலையை எடுத்துவிட்டு, பாயோடு சுருட்டி நூறு முறை உருட்ட வேண்டும். பிரித்து, துணியைக் கால்வாசி திருப்பி வைத்து, மறுபடி நூறு. இப்படி நான்கு பக்கமும். ஒன்றரை அடி ஓரடியாகச் சுருங்கி வரும்போது கை வலி மறந்துவிடும்.

போதுமா என்று தெரிந்துகொள்ள, மேற்பரப்பை விரல் நுனியால் கிள்ளிப் பார்க்கலாம். இழை தனியாக எழும்பி வந்தால், இன்னும் ஒரு நூறு.