மேற்றிராசனச் சரித்திரத்தில் தோட்டக்காட்டான் எங்கே?

கத்தோலிக்க மேற்றிராசனங்களின் சரித்திரம் என்று அச்சாகும் நூல்களைப் புரட்டுவோர்க்கு ஒன்று விளங்கும். எந்தப் போப் எந்த ஆண்டில் கட்டளை பிறப்பித்தார், எந்த மேற்றிராணியார் எத்துணை ஆண்டு வீற்றிருந்தார், கோபுரம் எத்தனை அடி என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. கல் சுமந்தவன் பெயரையும் காசு போட்டவள் பெயரையும் தேடித்தான் பார்க்க வேண்டும். அரசர் வரிசையை ஒப்பித்து அதனை நாட்டுச் சரித்திரம் என்ற பழைய பள்ளிப் புத்தகங்களுக்கும் இவற்றுக்கும் யாது வேற்றுமை?

அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பாருங்கள். 1789இல் பால்டிமோரில் முதல் மேற்றிராசனம் ஏற்பட்டது. நியூயார்க்கில் 1858இல் அடிக்கல் நாட்டி 1879இல் திறந்த புனித பேட்ரிக் பேராலயம், ஐரிஷ் ஏழைகளின் சிறு காசுகளும் சேர்ந்து எழுந்தது. இது பெருமையாய்ச் சொல்லப்படும் பக்கம். மறுபக்கமும் உண்டு. 1838இல் மேரிலாந்து இயேசு சபைக் குருமார் தம் உடைமையாயிருந்த 272 அடிமைகளை, குழந்தைகள் உட்பட, லூயிசியானாத் தோட்டமுதலாளிகளுக்கு விற்றனர். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடன் தீர அப்பணம் உதவிற்று. விற்ற குருவின் பெயரையே அங்கொரு கட்டடம் நெடுநாள் தாங்கி நின்றது! 2017இல் கல்விக்கழகத்தார் மன்னிப்புக் கேட்டு, விற்பனைப் பத்திரத்தில் முதலாவதாக எழுதப்பட்டிருந்த ஐசக் என்னும் அடிமையின் பெயரை அதற்குச் சூட்டினர். பெயர்ப்பட்டியல் அழியாதிருந்தமையாலன்றோ இது கூடிற்று?

நிற்க. நம் கதைக்கு வருவோம். மலாக்கா மேற்றிராசனம் 1558இல் போர்த்துக்கேயர் காலத்தில் ஏற்பட்டது. 1641இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தபின் நலிந்து, 1888இல் மீண்டும் உயிர்பெற்றது. 1955இல் கோலாலம்பூர் தனி மேற்றிராசனமாகி, புக்கிட் நானாஸ் புனித யோவான் கோயில் பேராலயமாயிற்று. டொமினிக் வேந்தர்கோன் முதல் மேற்றிராணியார். 1972இல் அது அதிமேற்றிராசனமாக உயர்ந்தது. நெகிரி செம்பிலான் அதனைச் சேர்ந்தது.

சிரம்பானை அடுத்த சுங்கை காடுட் வட்டாரத் தோட்டங்களில், இருள் விலகுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்த தமிழருள் கிறிஸ்தவரும் இருந்தனர். லயத்து ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் ஒரு மாதா சுரூபம். குருவானவர் நகரத்திலிருந்து வரும் நாளே திருநாள். அவர் வராத ஞாயிறுகளில் எழுத்தறிந்த தொழிலாளி ஒருவன் செபம் சொல்லுவான். இவர்கள் சபையல்லரோ? பின்னர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் வந்தன. லயம் போயிற்று, கெபியும் உடன் போயிற்று. பேராலயச் சுவரில் ஒரு கீறல் கண்டால் பதைப்போர் இதற்குப் பதைத்தனரா என யாம் வினவுகின்றோம்.

"பழம் புண்ணைக் கிளறாதீர், சாதிப்பேச்சு எழும்" என்பர் சிலர். எழட்டுமே! திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் வேளாளரையும் நாடாரையும் பிரிக்கக் கோயிலுக்குள்ளேயே சுவர் வைத்திருந்தனர். அது 1910இல் இடிபட்டது. வேளாளர் வழக்காடியும் தோற்றனர். வாய் மூடியிருந்தால் அச்சுவர் இன்றும் நின்றிருக்கும். கப்பலேறிய நம்மவர் அதனைத் துறைமுகத்திலேயே விட்டுவந்தனர் என்று யார் உறுதி கூறவல்லார்?

ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பங்கும் ஏடு வைத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். தோட்டத்துப் பிள்ளையின் பெயரும் பெற்றோர் பெயரும் அவ்வேடுகளில்தான் உள. அவற்றைப் பெயர்த்தெழுதக் கருங்கல்லும் வேண்டா, கண்ணாடிச் சாளரமும் வேண்டா. நான்கு இளைஞரும் சில மாத உழைப்பும் போதும். 2030இல் கோலாலம்பூர் மேற்றிராசனத்துக்கு 75 ஆண்டு நிறைகின்றது. மலர் அச்சிட முற்படுவோர் மேற்றிராணியார் படங்களுக்கு முன்னே அப்பெயர்களை அச்சிடுக. எந்த லயத்தருகில் எந்தச் சுரூபம் நின்றது என்று காட்டவல்ல முதியோர் சிலர் இன்னும் உளர். அவர்களைக் கேட்கப் புறப்படுவோர் இவ்வாண்டே புறப்படுதல் வேண்டும்.