சிவப்பு மழை பெய்த நிலத்தில் விதைக்கலாமா?

கேள்வி: ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் திடீர் மழை. தகரக் கூரையிலிருந்து பிடித்த தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல இருந்தது. பயந்து நாலு குடத்தையும் கொட்டிவிட்டோம். மண்ணும் கெட்டிருக்கும், இந்த வருசம் புழுதி விதைப்பு வேண்டாம் என்கிறார்கள் ஊரில். என்ன செய்யட்டும்?
- வாசகி, சாயல்குடி

பதில்: தாராளமாக விதையுங்கள் அம்மா. மழைக்கு முன்னே நெல் மண்ணுக்குள் இருந்தால்தான் நம் பக்கத்து மானாவாரிக்குப் பிழைப்பு. மழையின் நிறத்துக்குப் பயந்து பருவத்தை விட்டால் அதுதான் நட்டம்.

தண்ணீரைக் கொட்டிவிட்டீர்கள், அதனால் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் உங்களுக்குத் தென்மேற்கே தூத்துக்குடி மாவட்டத்தின் செந்தேரி மணல் கிடக்கிறது. ஆடி, ஆவணிக் காற்றில் அந்தத் தூசி மேலே கிளம்பும், மழையோடு இறங்கும். துருப்பிடித்த தகரமும் தன் பங்குக்குச் சிவப்பைச் சேர்க்கும்.

கேரளத்தில் கோட்டயம், இடுக்கி பக்கம் 2001 ஜூலை 25 தொடங்கி செப்டம்பர் வரை விட்டுவிட்டுச் சிவப்பு மழை பெய்தது. விண்கல் வெடித்த தூசி என்றுதான் முதலில் சொன்னார்கள். திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையமும் பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனமும் தண்ணீரைச் சோதித்தபோது கிடைத்தது மண்கூட இல்லை, ட்ரெண்டிபோலியா என்ற பாசியின் வித்துகள். மரத்திலும் பாறையிலும் படரும் கல்பாசி இனங்கள் சிலவற்றுக்குள் குடியிருக்கும் பாசி அது. (நாம் குழம்பு மசாலாவில் போடும் கல்பாசியும் அந்தக் கூட்டம்தான்!) 2002-இல் மேற்கு வங்கத்தில் சங்கிராம்பூரில் விழுந்த மஞ்சள் பச்சைத் துளிகளோ, மகரந்தம் தின்ற தேனீக்களின் எச்சம். மழையே இல்லை.

அடுத்த முறை கொட்டாதீர்கள். மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை வையுங்கள். அதில் தண்ணீர் தெளிவாக இருந்தால் குற்றம் கூரையில். கலங்கியிருந்தால் ஒரு ராத்திரி தெளியவிடுங்கள். அடியில் நறநறவென்று மண் தங்கினால் தூசி. கறுப்பாக இருந்தால் பக்கத்தில் கரிமூட்டம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கரிப்புகை படிந்த தண்ணீரைக் குடிக்கவே கூடாது, கொதிக்க வைத்தாலும் அது போகாது.

எந்த நிறமானாலும் முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள். நிறம் மாறிய தண்ணீர் செடிக்கு ஆகும். குடிக்கலாமா என்ற சந்தேகம் வந்தால், சுத்தமான பாட்டிலில் எடுத்து ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். பெய்த தேதியையும் எதில் பிடித்தீர்கள் என்பதையும் பாட்டில்மேல் எழுதி ஒட்டுங்கள்.