ஒண்ட வந்த பிடாரி

வாத்துகளைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று தாயில்பட்டி வட்டாரத்து அன்பர்கள் கேட்கக்கூடும். பட்டாசுத் தொழிலையும், மழை பெய்தால் மட்டுமே நிரம்பும் கண்மாய்களையும் நம்பி வாழ்கிற ஜனங்களுக்குச் சீமை வாத்துகளால் ஆகவேண்டியது என்ன? ஆகவேண்டியது உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

கானடா வாத்து வட அமெரிக்காவுக்குச் சொந்தமான பட்சி. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் அதை லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் பூங்காவில் அலங்காரத்துக்காக வைத்திருந்தார். பிரபுக்களும் தத்தம் தடாகங்களில் வளர்க்கலாயினர். அவற்றின் சந்ததி இன்று அத்தேசத்தின் ஏரிகளிலெல்லாம் சுயேச்சையாக வாழ்கிறது. புல்வெளியை மேய்ந்து தீர்ப்பதோடு, எச்சத்தால் நீரையும் கெடுக்கிறது. நியூஜிலாந்தில் வேட்டைப் பிரியர்களின் பொருட்டு 1905-ல் இறக்கப்பட்ட இதே வாத்து, பயிர்களுக்கு நாசம் விளைவிக்கும் அளவு பெருகவே, அதற்கு அளித்திருந்த சட்டப் பாதுகாப்பை 2011-ல் அந்நாட்டுச் சர்க்காரே விலக்க நேர்ந்தது. ஆப்பிரிக்காவின் எகிப்திய வாத்தோ, ஐரோப்பாவில் பிற பட்சிகளைத் துரத்திக் கூடுகளைக் கைப்பற்றுகிறது. 2017-ல் ஐரோப்பிய யூனியன் அதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

அன்னியமானது எல்லாம் தீது என்பது நமது வாதமன்று. மங்கோலியா, திபேத்து முதலிய பிரதேசங்களில் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்து, இமயத்தைக் கடந்து குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரையில் வருகிறது; பருவம் முடிந்ததும் திரும்பிவிடுகிறது. அது விருந்தாளி. ஆயினும் ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய தேசங்களில் வளர்ப்புக் குளங்களினின்று தப்பிய இதே வாத்து, தனக்குச் சம்பந்தமில்லாத மண்ணில் இனம் பெருக்கிக் குடியேறியிருக்கிறது. பட்சி ஒன்றே, இங்கே இயற்கை அனுப்புகிறது, அங்கே மனிதன் கொண்டு வைத்தான். ஆகையால் குற்றம் பட்சியினுடையதன்று. பின்விளைவை யோசியாமல் கொண்டுவந்தவனுடையது.

இக்குற்றத்துக்கு நாமும் விலக்கல்ல. விறகுக்கு உதவும் என்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம், இன்று விருதுநகர், ராமநாதபுரம் ஜில்லாக்களின் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விரைவில் எடை கூடுகிறது என்ற ஆசையால் வளர்க்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மீன், ராஜஸ்தானத்துப் பரத்பூர் பட்சிச் சரணாலயத்திலும் புகுந்துவிட்டது. சர்க்கார் அதை வளர்க்கத் தடை விதித்தும் திருட்டுத்தனமான வளர்ப்பு ஓயவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் இது.

இனிச் செய்யவேண்டியது யாது? சட்டம் இல்லாமலில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் சேர்க்கப்பட்ட 62-ஏ பிரிவு, இத்தகைய இனங்களின் இறக்குமதியையும் வியாபாரத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு அளிக்கிறது. அதே வருஷத்தில் தமிழக சர்க்காரும் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆயினும் டில்லியிலும் சென்னையிலும் எழுதப்பட்ட காகிதம் தானே வந்து நமது கண்மாயைக் காக்காது. முள்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் நம்மிடையே அநேகம்; அவர்களுக்கு வேறு ஜீவனத்துக்கு வழி செய்யாமல் மரத்தை மட்டும் களைவது நியாயமாகாது. அவர்களையே கூலி கொடுத்து இவ்வேலைக்கு அமர்த்தி, வேரோடு களைந்த இடத்தில் நாட்டு மரங்களை நட்டு வளர்க்கும் பொறுப்பையும் அளிப்பதே தக்க பரிகாரம்.

அதனினும் முக்கியம், புதிய தவறு நேராமல் தடுப்பது. கண்மாயில் எந்த மீன் விடப்படுகிறது, கரையில் எந்தக் கன்று நடப்படுகிறது, எந்தப் பட்சி வளர்ப்புக்கு வருகிறது என்பதை ஒவ்வொரு கிராம சபையும் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். பத்து வாத்துகளைப் பிடிப்பது ஒரு நாள் வேலை. அவை பதினாயிரமான பின் ராஜாங்கமே திணறும். அடுத்து கூடும் கிராம சபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர நமது ஊழியர்கள் முன்வருவார்களாக.