தர்மகர்த்தா பதவி: ஒரு கையெழுத்து போதுமா?

மும்பை: டாடா அறக்கட்டளைகளில் யார் ஆயுட்கால டிரஸ்டி, யாருடைய பதவி முடிகிறது என்று 2025ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாளேடுகள் பத்தி பத்தியாக எழுதின. கோடீஸ்வரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நம்மவர்களில் பலர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பெரிய டிரஸ்டைக் கட்டுப்படுத்தும் அதே சட்டம்தான் தாராவியில் நம்மவர் கட்டிய கோயிலையும், கல்யாணில் நம்மவர் நடத்தும் படிப்பகத்தையும் கட்டுப்படுத்துகிறது.

அது 1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைகள் சட்டம். இப்போது மகாராஷ்டிரச் சட்டம் என்று பெயர் மாறியிருக்கிறது. சங்கம் என்று பதிவு செய்துகொண்டாலும் இந்தச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. 2025 செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம், ஆயுட்கால டிரஸ்டிகள் மொத்த எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது. நாற்காலி யாருக்கும் சாசுவதமல்ல என்பதே இதன் பொருள்.

நாற்காலியை விடாதவர்கள் ஒரு புறம் இருக்கட்டும். நம்மிடையே இருக்கும் நோய் வேறு. நாற்காலி காலியாகக் கிடப்பதே யாருக்கும் தெரிவதில்லை!

ஏழு பெயர், இருவர் மிச்சம்

எங்கள் பகுதியில் ஒரு படிப்பகம் உண்டு. மில் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் சம்பள நாளன்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உருவாக்கியது. அதன் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க ஆபீஸ்ல இருக்கிறவரு. மராத்தியும் தெரியும். டிரஸ்டியா ஒரு கையெழுத்து போடுங்க, போதும். மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்.

பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏழு டிரஸ்டிகளின் பெயர் இருந்தது. நால்வர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். இந்த மாற்றங்களில் ஒன்றுகூட வொர்லியில் உள்ள தர்ம ஸ்தாபன ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை. விளைவு என்ன? வங்கியில் பணம் இருக்கிறது, கையெழுத்திட ஆளில்லை. மழையில் கூரை ஒழுகுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாய்களை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார்கள்.

டிரஸ்டி மாறினால் 90 நாட்களுக்குள் மாற்ற அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம். அதைத் தராததால், ஏழைகளின் காசு ஏழைகளுக்கே உதவாமல் முடங்கிவிட்டது.

பொறுப்பு யாருடையது?

தர்மகர்த்தா சொத்தின் சொந்தக்காரர் அல்லர், காவலர். டிரஸ்டின் நிலத்தையோ கட்டடத்தையோ ஆணையரின் அனுமதியின்றி விற்கக் கூடாது. டிரஸ்டின் பெயரில் அனுமதியின்றிக் கடன் வாங்கவும் கூடாது. கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். தொடர்ந்து தவறினால் ஆணையர் டிரஸ்டியை நீக்கலாம். மோசமான அலட்சியத்தால் நஷ்டம் வந்தால், அதை டிரஸ்டியின் கைப்பணத்திலிருந்தே கட்டச் சொல்லலாம். "நான் பெயருக்குத்தான் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்பது தற்காப்பு ஆகாது. அதுவே அலட்சியத்தின் ஒப்புதல் வாக்குமூலம்!

நன்கொடையிலும் கவனம் தேவை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், கொடுத்தவருக்கு 2017ஆம் ஆண்டு முதல் வருமான வரிச் சலுகை கிடையாது. துபாயில் வேலை செய்யும் இந்தியப் பிரஜை தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்நியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால், அதற்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். இரண்டு பணத்தையும் ஒரே கணக்கில் போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது.

என்னைப் போன்ற ரயில்வே ஊழியர்கள் 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகளையும் பார்க்க வேண்டும். வேலை கெடாமல், ஊதியமின்றித் தர்ம காரியம் செய்வதற்குத் தடையில்லை. ஆனால் தேர்தல் மூலம் வரும் பதவியை ஏற்கவும், நன்கொடை வசூலில் இறங்கவும் முன் அனுமதி பெற வேண்டும். ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படுவதற்கு முன் இலாகாவுக்கு ஒரு மனு எழுதிவிடுவது நல்லது.

ஒதுங்குவதா?

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒதுங்கிவிடலாமே என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் ஒதுங்கக் கூடாது. விவரம் தெரிந்தவன் ஒதுங்கினால் அந்த இடம் காலியாக இராது. நிலத்தின் மீது கண் வைத்தவன் வந்து உட்காருவான். மனை விலை ஏறிக்கொண்டே போகும் இந்த ஊரில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கையெழுத்துக்கு முன் நான்கு காகிதங்களைக் கேளுங்கள்: டிரஸ்ட் பத்திரம், பதிவேட்டின் நகல், கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, வங்கிப் பாஸ் புத்தகம். காட்டத் தயங்கினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். காட்டினால் துணிந்து சேருங்கள்.

பெரியவரிடம் நான் அதைத்தான் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒரு டிரங்குப் பெட்டியையே கொண்டுவந்து வைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து காகிதங்களை வரிசைப்படுத்தினோம். கணக்கில் குற்றமில்லை, கவனிப்பார் இல்லாததுதான் குறை என்று தெரிந்த பிறகே கையெழுத்திட்டேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கோரும் மனுவோடு மாற்ற அறிக்கை இப்போது வொர்லிக்குப் போயிருக்கிறது. அடுத்த மழைக்குள் கூரையை மாற்றியாக வேண்டும்.