கேட்காமல் செய்த திருத்தம்

2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய் உலகைத் திடுக்கிட வைத்தார்: கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டார்களாம். தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று, அது பிள்ளைகளை அண்டாதிருக்க சிசிஆர்5 மரபணுவில் கைவைத்தார். அவசியமே இல்லாத வேலை. விந்தணுவைச் சுத்திகரித்துக் கருத்தரிக்க வைக்கும் முறை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. நினைத்த மாற்றமாவது சரியாக அமைந்ததா? அதுவும் இல்லை. அடுத்த ஆண்டே ஷென்சென் நீதிமன்றம் மூன்றாண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது.

கருவில் செய்த மாற்றம் தலைமுறை தாண்டும். பிறக்காதவர்களிடம் யார் சம்மதம் கேட்பது?

அதற்காக மரபணுத் திருத்தம் என்றாலே பதறுவதும் அவசரம்தான். 2023-ல் பிரிட்டன் அனுமதித்த கேஸ்கெவி சிகிச்சையில் திருத்தப்படுபவை நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்கள். மாற்றம் வாரிசுக்குப் போகாது. அரிவாள் செல் ரத்தசோகையின் உயிர்போகும் வலியிலிருந்து பலர் மீண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அதன் விலைதான் 22 லட்சம் டாலர்!

நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்நோய்க்கூறு இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. அன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த விலைக்கு எங்கே போவார்கள்? மலிவான மாற்றுக்காக டெல்லியில் அரசு நிறுவனமான ஐஜிஐபி முயன்றுவருகிறது. அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டியது அங்கேதான்.