திறந்த கதவாம்!

"வாருங்கள், வாருங்கள், கதவு திறந்தே இருக்கிறது!" என்று கூவி அழைக்கின்றனர். உள்ளே எட்டிப் பார்த்தாலோ, நூற்றுக்கு 95 பேர் ஆண்கள், பெண்கள் மூவர்! நாம் கட்டிச் சொல்லும் கணக்கல்ல. கிட்ஹப் நிறுவனமே 2017இல் கேட்டறிந்து வெளியிட்ட கணக்கு.

எந்த வீடு இது? திறந்தமூல மென்பொருள் என்னும் வீடு. மென்பொருளின் மூல நிரலைப் பெட்டியில் பூட்டி விலை பேசுவோர் உண்டு. இவர்களோ அதை ஊர் நடுவே விரித்து வைத்து, எவரும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துச் செல்லலாம் என்கின்றனர். நல்ல காரியம்! நாம் வாழ்த்தத் தயங்கமாட்டோம். தோழர்களே, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடித்தளமான லினக்ஸ், இந்த வீட்டுப் பிள்ளைதான். இங்கே செய்த வேலையைக் காட்டித்தான் பலர் நல்ல சம்பளத்துக்கும் போகிறார்கள். ஆகவே இது வயிற்றுப் பிரச்சினையுங்கூட.

"பெண்களுக்கு இதில் நாட்டமில்லை, நாங்களா தடுத்தோம்?" என்று கேட்கின்றனர். பழைய பாட்டு! 1946இல் எனியாக் என்னும் பூதக் கணிப்பொறியை அமெரிக்கா உலகுக்குக் காட்டியதே, அதற்கு நிரல் அமைத்து இயக்கியோர் ஆறு பெண்கள். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரையே 1998இல் தந்தவர் கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற பெண்மணி. பெயர் சூட்டியவள் பெண்; பிள்ளையைத் தூக்க மட்டும் அவளுக்கு நாட்டமில்லையாம்!

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு நடந்த ஆய்வொன்று 2006இல் சொன்னதைக் கேளுங்கள். பூட்டி விற்கும் மென்பொருள் துறையில் பெண்கள் நூற்றுக்கு 28. திறந்த வீட்டிலோ ஒன்றரை! முதலாளியின் கூடத்தில் 28. முதலாளியே இல்லாத மன்றத்தில் ஒன்றரை! முதலாளி அவ்வளவு நல்லவனா? இல்லை. அங்கே கூலி உண்டு, வேலை நேரம் உண்டு, தகாத சொல் பேசியவன்மீது புகார் கொடுக்க ஒரு மேசையாவது உண்டு. இங்கே பலருக்குக் கூலியில்லா வேலை. இரவு வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த இரவு யாருக்குச் சொந்தம்? ஆலையிலிருந்து வந்து நாம் காலை நீட்டுகிற வேளையில் அடுப்படியில் நிற்பவள் யார்? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கண்விழிப்பவள் யார்? ஓய்வுள்ளவன் எழுதுகிறான், ஓய்வற்றவளைப் பார்த்து நாட்டமற்றவள் என்கிறான்!

தட்டுத்தடுமாறி வந்தவளுக்கு என்ன வரவேற்பு? 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது இது: கிட்ஹப்பில் பெண்கள் அனுப்பிய திருத்தங்கள், மொத்தத்தில் ஆண்களுடையதைவிட மிகுதியாகவே ஏற்கப்பட்டன. திறமையில் குறைவில்லை! ஆனால் அறிமுகமில்லாத இடத்துக்கு அனுப்பி, அனுப்பியவர் பெண் என்பதும் தெரிந்துவிட்டால், ஆண்களின் கை ஓங்கிவிடுகிறது. எழுத்தை எடைபோட்ட தராசு பெயரைக் கண்டதும் சாய்கிறது.

பேச்சின் கடுமையோ, சொல்லி மாளாது. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸே தம் கடுஞ்சொற்களுக்காக 2018இல் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

அழைத்தால் மட்டும் வந்துவிடுவார்களா என்று இன்னும் ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வோம். 2006இல் கூகுளின் கோடைக்கால உதவித்தொகைத் திட்டத்தில் சேர க்னோம் குழுவுக்கு வந்த மனுக்கள் 181. அவற்றில் பெண்ணின் மனு ஒன்றுகூட இல்லை! அதே ஆண்டில், பெண்களுக்கென்றே ஒரு கோடைத் திட்டத்தை அக்குழு அறிவித்தது. நூறு பெண்கள் அளவுக்கு மனுப் போட்டார்கள்! எங்கே ஒளிந்திருந்தார்கள் இவர்கள்? எங்கும் இல்லை, 'உங்களைத்தான்' என்று அதுவரை எவரும் சொல்லவில்லை, அவ்வளவே. அந்த முயற்சி பின்னர் அவுட்ரீச்சி என்ற பெயரில் வளர்ந்தது.

ஆகவே நாம் கேட்கிறோம். வந்த திருத்தத்தைப் பெயரை மறைத்துச் சோதிப்பதில் என்ன கஷ்டம்? இந்தப் பொதுச் சொத்தை அள்ளி லாபம் குவிக்கும் பெரு நிறுவனங்கள், அதைச் செய்து தருவோர்க்குக் கூலி கொடுத்தால் குடியா முழுகிவிடும்? புதிதாக வந்தவளை ஏளனம் செய்பவன் எவ்வளவு பெரிய நிபுணனாயினும், அவனை வெளியே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு சொல்லுங்கள், கதவு திறந்திருக்கிறது என்று.